காட்டுதலும் காணுதலும்: கமிட் அறிவிப்பு மின்னஞ்சல் குறித்து ஒரு சித்தாந்த விசாரணை

சைவ சித்தாந்தம் உள்பொருள்களை அவற்றின் அறியும் தன்மையைக் கொண்டு மூன்றாக வகுத்துக் காட்டுகிறது. எவரும் அறிவிக்க வேண்டாது தானே அறிவது பதி எனப்படும் இறைவன். அறிவித்தால் மட்டுமே அறிவது பசு எனப்படும் உயிர். அறிவித்தாலும் அறியாதது பாசம் எனப்படும் மலம், மாயை, வினை ஆகிய சடப்பொருள்கள். பிறவியும் வீடும் பற்றிய ஆராய்ச்சிக்காக எழுந்த இவ்வகுப்பு, அறிவிப்பு என்னும் செயல் யாருக்காக உள்ளது என்ற கேள்விக்கும் விடை தருகிறது. இறைவனுக்கு அது வேண்டியதில்லை, கல்லுக்கு அதனால் பயனில்லை, இரண்டுக்கும் இடையில் நிற்கும் உயிருக்கே அது தேவையாகவும் பயனாகவும் அமைகிறது. அறிவிக்கும் வேலையை அறிவற்ற ஒரு கருவியிடம் ஒப்படைத்துவிட்ட இக்காலத்தில், ஒன்று அறிவிக்கப்பட்டது என்பதனாலேயே அது அறியப்பட்டதாகிவிடுமா என்ற கேள்வி முன்னிலும் கூர்மையாக எழுகிறது. மென்பொருள் திட்டங்களில் நிரல் மாறும்போதெல்லாம் தானாகப் புறப்படும் கமிட் அறிவிப்பு மின்னஞ்சல், அளவில் சிறியதாயினும், இக்கேள்வியை வைத்து ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

கமிட் என்பது நிரல் எழுதுவோர் தாம் செய்த மாற்றத்தைத் திட்டத்தின் வரலாற்றில் நிலையாகப் பதிவு செய்யும் செயல். 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட் என்னும் மென்பொருளில், ஒவ்வொரு கமிட்டும் மாற்றத்தை எழுதியவர் பெயர், அதைச் சேர்த்தவர் பெயர், இருவர் செயலுக்கும் உரிய நேரங்கள், காரணம் சொல்லும் ஒரு குறிப்பு, தனக்கு முந்தைய கமிட்டின் அடையாளம் ஆகியவற்றைத் தாங்கி நிற்கிறது. இவை அனைத்திலிருந்தும் கணக்கிடப்படும் 40 குறிகள் கொண்ட ஓர் எண்ணே அதன் பெயராகிறது. முந்தையதின் அடையாளம் பிந்தையதின் கணக்கில் கலந்திருப்பதால், பழைய கமிட் ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்வந்த அனைத்தின் பெயரும் மாறிவிடும். ஆயினும் இப்பதிவு முதலில் எழுதியவரின் கணினிக்குள்ளேயே இருக்கிறது. அவர் அதைப் பொதுக் களஞ்சியத்துக்குத் தள்ளும்போதுதான், அதாவது புஷ் செய்யும்போதுதான், பிறருக்கு எட்டுகிறது. அந்த நொடியில் களஞ்சியம் இருக்கும் சர்வரில் ஹூக் எனப்படும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் விழித்து, வந்த மாற்றங்களைத் தொகுத்து, குழுவினருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. சிவிஎஸ், சப்வெர்ஷன் போன்ற முந்தைய மென்பொருள்களிலும் இவ்வழக்கம் இருந்தது.

பதிவும் அறிவிப்பும் வேறு வேறு என்பதைப் புதுச்சேரியின் வரலாறு நன்கு விளக்குகிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினப்படிக் குறிப்புகள், கப்பல் வரவு, சரக்கு விலை, கோட்டைக்குள் நடந்த பேச்சு, போர், வதந்தி என அனைத்தையும் தாங்கியவை. ஆனால் அவை எவருக்கும் அனுப்பப்பட்டவை அல்ல. 1846இல் கல்லுவா மோன்பிரேன் என்பவர் அவற்றைத் தேடிக் கண்டெடுக்கும் வரை, முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவை உலகம் அறியாத உண்மைகளாகவே இருந்தன. புஷ் செய்யப்படாத கமிட்டுகளின் நிலை இதுவே. மற்றொரு வகையில், காஞ்சிபுரத்தில் தனிக் கோயில் கொண்டுள்ள சித்திரகுப்தனும் பதிவு செய்பவனேயன்றி அறிவிப்பவன் அல்லன். எழுத்தாணியும் ஏடும் ஏந்திய அத்தெய்வத்தின் கணக்கு, செய்தவர் திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்போது அவர் கையில் சேர்வதில்லை. பதிவு தீர்ப்புக்கு உதவும். அறிவிப்போ திருத்தத்துக்கு உதவுவது. கமிட் அறிவிப்பு மின்னஞ்சலின் அறமும் இங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் அது பிழையைக் கேடாக முதிர்வதற்கு முன் பிறர் கண்ணில் படச் செய்யும் முயற்சி.

புதுச்சேரியின் அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த நோணாங்குப்பத்தில், சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமுக்கு அருகே ஏதோ ஒரு வீட்டிலிருந்து வேலை செய்யும் நிரலாளர் ஒருவரும், அவர் நேரில் பார்த்திராத வேறொரு நாட்டு நிரலாளரும் ஒரே திட்டத்தில் பங்கு கொள்வது இன்று இயல்பு. இத்தகைய இருவருக்கிடையே தெருவும் இல்லை, திண்ணையும் இல்லை. ஒருவர் செய்த மாற்றம் மற்றவரின் நிரலை உடைக்கக்கூடும் என்ற நிலையில், அவர்களை ஒருவருக்கொருவர் பொறுப்புடையவர்களாக்கும் வழிகளில் அந்த மின்னஞ்சலும் ஒன்று. ஆகவே அதை வடிவமைப்பவர் கடிதப் போக்குவரத்துக்கு ஓர் அச்சுப்படிவம் தயாரிப்பவர் மட்டும் அல்லர். ஒரு சமூகத்துக்குள் எது எப்போது எவருக்குத் தெரிய வேண்டும் என்று முறை வகுப்பவர்.

இம்முறையை மிகுந்த கவனத்தோடு வகுத்த முன்னோர் இதே நிலப்பரப்பில் இருந்திருக்கின்றனர். பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த காரைக்காலை அடுத்த காசாக்குடியில் 1879இல் கிடைத்த செப்பேடுகள், பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், அதாவது எட்டாம் நூற்றாண்டில், கொடுகொள்ளி என்ற ஊர் ஏகதீரமங்கலம் எனப் பெயர் மாற்றப்பட்டுத் தானமாக வழங்கப்பட்ட செய்தியைத் தருகின்றன. அவற்றின் வடமொழிப் பகுதி மன்னர் மரபின் புகழைக் கூற, நடைமுறைக்கு உரிய செய்திகளை, எல்லைகளையும் நீர்க்கால் தோண்டும் உரிமைகளையும் வரிவிலக்குகளையும், தமிழ்ப் பகுதி கூறுகிறது. எல்லையை நடந்து பார்க்க வேண்டியவர்களுக்குப் புரியும் மொழியில் எல்லை எழுதப்பட்டது. தானத்துக்கு விண்ணப்பம் செய்தவர் ஒருவராகவும், ஆணையை நிறைவேற்றும் பொறுப்பேற்ற ஆணத்தி வேறொருவராகவும் குறிக்கப்பட்டிருப்பது, கிட் மென்பொருள் எழுதியவரையும் சேர்த்தவரையும் தனித்தனியே குறிப்பதை நினைவூட்டும். அரசனின் ஓலை உலகம் முழுவதற்கும் எழுதப்படவில்லை. அந்த நிலம் அமைந்த ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நாட்டாரை, அதாவது அப்பகுதியின் நிலவுடைமையாளர் அவையினரை, முன்னிலைப்படுத்தி எழுதப்பட்டது.

அதன்பின் நடந்ததே இங்கு மிக முக்கியமானது. திருமுகம் என்னும் அரச ஓலையைக் கண்ட நாட்டார், அது வந்து சேர்ந்தது என்று குறித்துவிட்டு அமரவில்லை. தமக்குக் காட்டப்பட்ட எல்லை வழியே ஊரைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, பின்னர்த் தாம் செய்ததை அறையோலை என்னும் பதில் ஆவணமாக எழுதித் தந்தனர். சோழர் காலத்தில் இம்முறை இன்னும் விரிவடைந்தது. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை வழங்கிய முதலாம் இராசராசனின் ஆணை, இன்று லெய்டன் செப்பேடு எனப்படும் அந்த ஆவணம், எழுதுவோர், சரிபார்ப்போர், வரிக்கணக்கில் ஏற்றுவோர் எனப் பல அதிகாரிகளின் கை கடந்து வந்து, ஊர் எல்லையில் பெண் யானையை நடத்தி எல்லை குறிப்பதில் நிறைவெய்தியது. அரசன் வாயால் சொன்னது ஒரு கணம். அது உண்மையில் நிகழ்ந்ததாக ஆனது, பெற்றவர் எழுந்து நடந்தபோது. அக்காலத்து அறிவிப்பு முறையைச் சடங்கு என்று ஒதுக்குவோர், பெறுபவரின் செயலையும் அறிவிப்பின் ஓர் உறுப்பாக அது வைத்திருந்த நுட்பத்தைக் காணத் தவறுகின்றனர்.

இந்த நுட்பத்துக்கு உரிய தத்துவத்தைச் சித்தாந்தமே வழங்குகிறது. மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் 11ஆம் சூத்திரத்தை ஒட்டி, இறைவன் உயிருக்குச் செய்யும் உதவி காட்டும் உபகாரம் என்றும் காணும் உபகாரம் என்றும் இருவகையாகப் பேசப்படுகிறது. கண் தானாக எதையும் காண்பதில்லை. உயிர் கண்ணுக்குப் பொருளைக் காட்டுவதோடு, கண்ணோடு உடன் நின்று தானும் கண்டால்தான் காட்சி நிகழ்கிறது. எண்ணம் வேறிடத்தில் இருப்பவரின் திறந்த கண்முன் நடப்பது எதுவும் அவருக்குப் புலப்படாமற் போவது இதனால்தான். அதுபோல இறைவன் உயிருக்குக் காட்டுவதோடு நில்லாமல் உடன் நின்று காணவும் செய்கிறான் என்பது சித்தாந்தத்தின் துணிபு. காட்டுதல் நிகழ்ந்தும் காணுதல் நிகழாமற்போகும் இடைவெளி ஒன்று உண்டு என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

தானியங்கு மின்னஞ்சல் காட்டும் உபகாரத்தை மட்டுமே செய்ய வல்லது. ஸ்கிரிப்ட் சடப்பொருள், தான் எதை அனுப்புகிறது என்பது அதற்குத் தெரியாது. இவ்விடத்தில் மீமாம்சகருக்கும் சித்தாந்திகளுக்கும் இடையே நடந்த பழைய வாதம் பொருள் பெறுகிறது. செய்யப்பட்ட கருமம் அபூர்வம் என்னும் காணப்படாத ஆற்றலை உண்டாக்கி, பிறர் தலையீடின்றித் தன் பயனைத் தானே தரும் என்பது மீமாம்சகர் கொள்கை. வினை அறிவற்றது, ஆகவே அது செய்தவனைத் தேடிக் கண்டு பயனை ஊட்டாது, அறிவுடைய ஒருவன் அதைக் கூட்டுவிக்க வேண்டும் என்பது சித்தாந்திகளின் மறுப்பு. வினைக்கொள்கை பற்றிய முடிவு எதுவாயினும், அறிவிப்பைப் பொறுத்தவரை சித்தாந்திகளின் மறுப்பே வலிமையுடையது. எல்லோருக்கும் மின்னஞ்சல் போயிற்று, ஆகவே எல்லோருக்கும் தெரியும் என்று வாதிடும் திட்டத் தலைவர், தம்மை அறியாமலேயே மீமாம்சகர் பக்கம் நிற்கிறார். அனுப்பிய செயலே அறிவு என்னும் பயனைத் தானாக விளைவித்துவிடும் என்று அவர் நம்புகிறார்.

அந்நம்பிக்கை எத்தனை பெரிய கேட்டில் முடியக்கூடும் என்பதற்கு அண்மைக் காலமே சான்று. இணையத்தில் பாதுகாப்பான தொடர்புக்கு அடித்தளமான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில், ஓர் அளவைச் சரிபார்க்கத் தவறிய மாற்றம் 2011 டிசம்பர் 31 அன்று சேர்க்கப்பட்டது. அது வெளிப்படையான களஞ்சியத்தில் எவரும் படிக்கும்படி இருந்தும், ஹார்ட்பிளீட் என்ற பெயரில் 2014 ஏப்ரல் 7 அன்று வெளியிடப்படும் வரை உலகுக்குத் தெரியவில்லை. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கும் மென்பொருளில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. பொய்ப் பெயரில் வந்ததாகக் கருதப்படும் ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் நல்ல மாற்றங்களைச் செய்து நம்பிக்கை பெற்று, 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வழி ஒன்றைப் புகுத்தினார். தீய பகுதி, சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் களஞ்சியத்திலேயே பகிரங்கமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதை உயிர்ப்பிக்கும் சிறு பகுதி மட்டும் களஞ்சியத்தில் இல்லாமல் வெளியீட்டுத் தொகுப்பில் வைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், தம் கணினியில் எஸ்எஸ்எச் வழியான தொலைநுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைப் பொறுக்காமல் காரணத்தைத் தோண்டிச் சென்றதால், மார்ச் 29 அன்று உண்மை வெளிவந்தது. அவரைத் தட்டியெழுப்பியது எந்த அறிவிப்பும் அன்று. தம் கண்முன் நிகழ்வதோடு உடன் நின்று பார்க்கும் பழக்கம்.

இதனால் அறிவிப்பு வீண் என்று முடிவு கட்டுவது பிழையாகும். காட்டப்படாததை எவரும் காண முடியாது. ஆகவே காட்டுதல் இன்றியமையாதது, ஆனால் போதாதது. வடிவமைப்பவரின் கடமை, காணுதல் நிகழ்வதற்கு ஏற்றபடி காட்டுதலை அமைப்பது. இதில் முதலில் எதிர்ப்படுவது மிகுதி என்னும் தடை. பெரிய திட்டங்களில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கமிட்டுகள் சேரும். ஒவ்வொன்றும் ஒரு மின்னஞ்சலானால், பெறுபவர் சில நாள்களில் அவற்றை ஒரு தனிக் கோப்புறைக்குத் திருப்பிவிட்டு, பிறகு அக்கோப்புறையைத் திறப்பதையே நிறுத்திவிடுவார். உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது சித்தாந்தம் உயிருக்குக் கூறும் இலக்கணம். சடம் போல நடத்தப்பட்டுக் குவியலைப் பெறும் வாசகரும் நாளடைவில் அஞ்சல் பெட்டியைப் போலவே ஆகிவிடுகிறார், அதாவது அறிவித்தாலும் அறியாதவராக. உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவ மலத்துக்கும் இருளுக்கும் வேறுபாடு காட்டுகையில், இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னையேனும் காட்டிக்கொள்ளும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்கிறார். அறிவிப்பின் மிகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. செய்தி வராதபோது வரவில்லை என்றாவது தெரியும். செய்தி வெள்ளமாக வரும்போது ஒன்று மறைந்துபோனதே தெரிவதில்லை, எல்லாம் தெரிவிக்கப்பட்டுவிட்டது என்ற நிறைவு அந்த மறைப்பின் மீதே படர்ந்துவிடுகிறது.

இதற்கு மருந்தும் அதே மரபில் உண்டு. இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது; திரோதானம் எனப்படும் அம்மறைப்பு, உயிர் தாங்கும் அளவுக்கு மேற்பட்டதை அதன் பார்வையிலிருந்து விலக்கிப் பக்குவம் வரச் செய்வதால், அதுவும் அருளே என்று சித்தாந்தம் கொள்கிறது. நல்ல அறிவிப்பு முறையிலும் கருணையுள்ள மறைப்பு வேண்டும். கிட்-மல்டிமெயில் என்ற ஸ்கிரிப்ட், புஷ் வந்ததும் ஒரு சுருக்க மின்னஞ்சலை முதலில் அனுப்பி, அதில் அடங்கிய கமிட்டுகளை அச்சுருக்கத்துக்கு மறுமொழிகளாகத் தொடுத்து அனுப்புகிறது; விரும்புபவர் சுருக்கத்தோடு நிற்கலாம், ஐயம் எழுந்தவர் உள்ளே செல்லலாம். டிஃப், அதாவது பழைய வரிகளையும் புதிய வரிகளையும் ஒப்பிட்டுக் காட்டும் பகுதி, குறித்த அளவைத் தாண்டும்போது வெட்டப்படுகிறது. ஆனால் இத்தனை வரிகள் விடப்பட்டன என்ற குறிப்பு அவ்விடத்தில் நிற்கிறது. மறைத்ததை மறைத்ததாகச் சொல்லும் இந்த நேர்மையே, அருளான மறைப்பை ஆணவத்தின் மறைப்பிலிருந்து பிரிக்கிறது. யாருக்கு அனுப்புவது என்பதிலும் காசாக்குடி ஓலையின் வழியே சிறந்தது: எந்தக் கோப்பகம் மாறுகிறதோ அதற்குப் பொறுப்பேற்றவருக்கு அனுப்புதல், மற்றவர் கேட்டால் மட்டும் அனுப்புதல்.

எது மாறியது என்பதைக் கருவி பிழையின்றிச் சொல்லும். ஏன் மாறியது என்பதை எழுதியவர் ஒருவரே சொல்ல முடியும். கமிட் குறிப்பின் முதல் வரி ஏறத்தாழ 50 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்பது மரபு, அவ்வரியே மின்னஞ்சலின் தலைப்பாகவும் ஆகிறது. சில திருத்தங்கள் என்று மட்டும் எழுதப்பட்ட தலைப்பு, பெறுபவரின் கவனத்தை வேண்டிக்கொண்டே அதற்குக் காரணம் தர மறுக்கிறது. இது சோம்பல் என்பதைவிட, உடன் உழைப்பவரை அறிவித்தால் அறியும் உயிராக மதிக்காமை என்று சொல்வதே பொருந்தும். இதனோடு சேர்த்து எண்ண வேண்டியது அனுப்புநர் பெயர். மின்னஞ்சல் ரோபோவின் பெயரில் வந்தால் அதற்குப் பதில் எழுத எவருக்கும் தோன்றாது. மாற்றத்தை எழுதியவரின் பெயரில் வந்து, மறுமொழி குழுவின் பொது விவாத முகவரிக்குச் செல்லுமாறு அமைக்கப்பட்டால், படித்தவர் ஒரு வரியைக் குறித்துக் கேள்வி எழுப்புவதும் எழுதியவர் பலர் முன் விடை சொல்வதும் இயல்பாகின்றன. நாட்டாரின் அறையோலைக்கு இணையானது இந்த மறுமொழிதான். மறுமொழிக்கு வழியில்லாத அறிவிப்பு, காணும் உபகாரத்துக்கு வாசலையே அடைத்துவிடுகிறது.

அறிவிப்புக்கு இன்னொரு பணியும் உண்டு. பொதுக் களஞ்சியத்தில் உள்ள வரலாற்றையே புதிதாக எழுதிப் பழையதை அகற்றும் வசதி கிட்டில் இருக்கிறது. அவ்வாறு செய்யும்போது அகற்றப்பட்ட கமிட்டுகள் களஞ்சியத்தின் பார்வையிலிருந்து மறைந்தாலும், முன்பே அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள் பலருடைய பெட்டிகளில் தங்கிவிடுகின்றன, அவற்றைத் திரும்பப் பெற எவராலும் இயலாது. தானம் பெற்றவரிடம் செப்பேடும் அரசு அலுவலகத்தில் வரிக்கணக்கும் தனித்தனியே இருந்ததன் பயன் இதுவே: ஒன்றில் கை வைத்தவன் மற்றதற்கு அஞ்ச வேண்டியிருந்தது. எனவே வரலாறு திருத்தப்பட்டால் எவை நீக்கப்பட்டன என்பதையும் பட்டியலிட்டு அறிவிக்கும் ஏற்பாடு, பழைய ஸ்கிரிப்ட்களிலேயே இடம்பெற்றது. பதிவு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருப்பதன் பயனுக்கு ஒரு சான்று உண்டு. 2003 நவம்பரில் லினக்ஸ் கருநிரலின் மூலப்பதிவு பிட்கீப்பர் என்ற மென்பொருளில் இருந்தது, சிவிஎஸ் பயன்படுத்துவோருக்காக அதன் நகல் ஒன்று தனியே பேணப்பட்டது. யாரோ ஒருவர் அந்நகலுக்குள் புகுந்து இரண்டு வரிகளைச் செருகினார். பயனர் அடையாளம் சுழியமா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல் தோன்றிய அவ்வரிகள், ஒரு சமக்குறி குறைவாக எழுதப்பட்டதால், உண்மையில் கணினியின் முழு அதிகாரத்தையும் அந்நிரல் பகுதியை அழைத்தவருக்கு அளித்தன. நகலில் உள்ள அந்த மாற்றத்துக்கு மூலத்தில் இணையான பதிவு இல்லை என்பதைச் சரிபார்க்கும் கருவி காட்டிக்கொடுத்தது. காட்டியதோடு அதன் வேலை முடிந்தது. அவ்விரு வரிகளையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு குறியாகப் படித்து, அதன் உட்கருத்தைக் கண்டுசொன்னவர்கள் அத்திட்டத்தின் நிரலாளர்கள். லினக்ஸின் எந்த வெளியீட்டிலும் அவ்வரிகள் இடம்பெறவில்லை.